கிராமத்து வீட்டுக் கொல்லையில் அக்வாபோனிக்ஸ் அமைக்கும் முறை

மீன் தொட்டியையும் காய்கறிப் பாத்தியையும் ஒரே தண்ணீரால் இணைத்து வளர்க்கும் முறையே அக்வாபோனிக்ஸ். மீன் தின்ற தீனியின் புரதம் செரித்தபின், பெரும்பகுதி அம்மோனியாவாக அதன் செவுள் வழியே நீரில் கலக்கிறது. பாத்தியிலுள்ள ஜல்லியின் மேல் படர்ந்து வாழும் பாக்டீரியாக்களில் ஒரு வகை அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டைச் செடிகள் வேரால் எடுத்துக்கொள்ள, நச்சு நீங்கிய நீர் மீண்டும் தொட்டிக்கே வந்து சேர்கிறது. இலைகள் வெளிவிடும் ஈரமும் வெயிலில் ஆவியாவதும் சேர்ந்து பொதுவாக நாளொன்றுக்கு மொத்த நீரில் 1 முதல் 3 சதவீதம் குறையும். அதை மட்டும் ஈடுசெய்தால் போதும்.

நல்ல கிணறும் வளமான மண்ணும் உள்ளவர்களுக்கு இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் பண்ணைக்குட்டை வெட்டி மீன் விட்டு, குட்டை நீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சினால் குறைந்த செலவில் அதே பயன் கிடைக்கும். நிலம் பாறையாகவோ உவராகவோ இருப்பவர்களுக்கும், கோடையில் குடங்களை எண்ணித் தண்ணீர் செலவழிக்க வேண்டியிருப்பவர்களுக்கும், வீட்டுக்குத் தேவையான கீரையையும் மீனையும் கொல்லையிலேயே எடுக்க விரும்புகிறவர்களுக்கும்தான் இது பொருந்தும். முதல் அமைப்பு 1,000 லிட்டரைத் தாண்ட வேண்டாம். அந்த அளவு ஒரு குடும்பத்தின் சமையலுக்குப் போதுமானது. ஏதேனும் தவறினாலும் இழப்பு தாங்கக்கூடியதாக இருக்கும்.

தண்ணீர்

தொட்டி வாங்கும் முன்பே தண்ணீரைப் பரிசோதித்துவிட வேண்டும். தமிழ்நாட்டின் உள்மாவட்டங்கள் பலவற்றில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது, பி.எச். அளவு (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 8-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ நிற்கும். மீன், பாக்டீரியா, செடி ஆகிய மூன்றுக்கும் ஒத்துவரும் அளவு 6.8 முதல் 7.2 வரை. இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும் விளைவு பெரிது. நீரில் கலந்த அம்மோனியாவில் மீனைக் கொல்லும் வடிவம், 30 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 ஆக இருந்தால் நூற்றுக்கு ஒரு பங்கு கூட இராது, பி.எச். 8 ஆனால் அது ஏழு பங்கைத் தாண்டும். அம்மோனியாப் பரிசோதனையில் ஒரே நிறம் காட்டும் இரண்டு தொட்டிகளில் ஒன்றில் மீன் நீந்திக்கொண்டிருக்க, மற்றொன்றில் செத்து மிதப்பது இதனால்தான். பி.எச். கூடிய நீரில் இரும்புச் சத்தும் செடிக்கு எட்டாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது.

கடின நீருக்கு நம்மிடம் உள்ள நல்ல மருந்து மழைநீர். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதால் பல வீடுகளின் கூரையிலிருந்து குழாய் ஏற்கெனவே இறங்கியிருக்கிறது. அதை உறிஞ்சுகுழிக்கு அனுப்பும் முன் தொட்டி ஒன்றில் நிரப்பிக்கொள்ள வழி செய்தால் போதும். 100 சதுர மீட்டர் கூரையில் 25 மி.மீ. மழை பெய்தால், சிதறியது போக ஏறத்தாழ 2,000 லிட்டர் தேறும். முதல் மழையின் தூசி நீரை வெளியே விட்டுவிட வேண்டும். மழைநீரை மட்டும் பயன்படுத்துவதும் சரியன்று. அம்மோனியாவை மாற்றும்போது பாக்டீரியாக்கள் நீரின் காரத்தன்மையைச் செலவழிப்பதால், தாங்கும் சக்தியற்ற மென்னீரில் பி.எச். ஒரேயடியாகச் சரிந்துவிடும். மழைநீர் பாதி, கிணற்று நீர் பாதி என்று தொடங்கி, அளந்து பார்த்துக் கூட்டிக் குறைப்பதே நடைமுறைக்கு ஏற்றது.

மழைநீர் தீர்ந்த கோடையில், ஈடுசெய்யும் நீரைத் தனி டிரம்மில் பிடித்து, அதில் சிறிதளவு பாஸ்பாரிக் அமிலம் கலந்து, ஒரு நாள் வைத்திருந்து, மீண்டும் அளந்த பிறகே தொட்டிக்கு விட வேண்டும். அமிலத்தை மீன் தொட்டியில் நேரடியாக ஊற்றக் கூடாது. எலுமிச்சைச் சாறு பிழிந்து விடலாமே என்று சிலர் கேட்பார்கள். சிட்ரிக் அமிலம் நமக்கு வேண்டிய பாக்டீரியாக்களையே அழிக்கக்கூடியது என்பதால் அது வேண்டாம். ஊராட்சிக் குழாய் நீரானால், குளோரின் போகும்படி காற்று செலுத்தி இரண்டு நாள் திறந்து வைத்திருந்து பயன்படுத்தலாம்.

மின்சாரம்

கிராமத்து அக்வாபோனிக்ஸில் மீன் மொத்தமாகச் சாவது பெரும்பாலும் மின்வெட்டினால்தான். 1,000 லிட்டரில் 15 கிலோ மீன் இருந்தால், நீரோட்டமும் காற்றும் நின்ற ஒன்றிரண்டு மணி நேரத்தில் கரைந்த ஆக்சிஜன் ஆபத்தான நிலைக்கு இறங்கிவிடும். வெப்பம் கூடக் கூட நீர் ஏற்கும் ஆக்சிஜன் குறைவதால், சித்திரை வெயிலில் அந்த அவகாசம் இன்னும் சுருங்கும். வயல் மோட்டாருக்கு வரும் மும்முனை மின்சாரம் முறை வைத்தே வரக்கூடியது. அதை நம்பக் கூடாது. வீட்டின் ஒருமுனை இணைப்பிலிருந்தே பம்புக்கு லைன் இழுத்து, மின்கசிவு கண்டு துண்டிக்கும் பிரேக்கர் பொருத்த வேண்டும். தண்ணீரில் கை விடும் வேலை என்பதால் இந்தச் செலவைத் தவிர்க்கக் கூடாது.

பம்பு ஓடுவதற்கான செலவு அதிகமில்லை. 40 வாட் நீர்மூழ்கி பம்பு இரவும் பகலும் ஓடினாலும் நாளுக்கு ஒரு யூனிட்டுக்குள் அடங்கும். ஆனால் பம்பின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் லிட்டர் கணக்கு, நீரை மேலே ஏற்றாத நிலையில் அளந்தது. ஒரு மீட்டர் உயரம் ஏற்றினால் பாதி வரைகூடக் குறையலாம். ஆகவே, மணிக்கு 1,000 லிட்டர் பாத்திக்கு வர வேண்டுமானால் 2,000 லிட்டர் என்று எழுதியுள்ளதை வாங்குவது நல்லது.

இதனுடன், 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சிறிய காற்று பம்பு ஒன்று கட்டாயம் வேண்டும். மின்சாரம் நின்றவுடன் தானாகவே பேட்டரிக்கு மாறும்படி அதை அமைத்துவிட வேண்டும். நள்ளிரவு மின்வெட்டுக்கு யாரும் எழுந்து வருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. 7 ஆம்பியர்-மணி பேட்டரி, 5 வாட் காற்று பம்பை எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் இரண்டு பம்புகளையும் அதிலேயே இணைத்துவிடலாம்.

தொட்டியும் பாத்தியும்

1,000 லிட்டர் தொட்டிக்குச் சின்டெக்ஸ், கம்பிக் கூண்டுடன் வரும் பழைய பிளாஸ்டிக் கொள்கலன், சிமெண்ட் உறை ஆகிய மூன்றும் உதவும். பழைய கொள்கலன் வாங்கினால், அதில் முன்பு என்ன இருந்தது என்று உறுதியாகத் தெரிய வேண்டும். உணவுப் பொருள் தவிர வேறெது இருந்திருந்தாலும் வாங்காதீர்கள். கிராமத்தில் எளிதில் கிடைப்பது கிணற்று உறை. 4 அடி விட்டமுள்ள உறைகளை 3 அடி உயரத்துக்கு அடுக்கி, அடியில் கான்கிரீட் போட்டு, இணைப்புகளைப் பூசினால் ஏறத்தாழ 1,000 லிட்டர் பிடிக்கும். வட்டத் தொட்டியில் நீர் சுழல்வதால் கழிவு நடுவில் வந்து தங்குவது கூடுதல் நன்மை. வாரம் ஒருமுறை குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிடலாம். ஆனால் புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து பி.எச்.-ஐ ஏற்றும். நீர் நிரப்பி ஒரு வாரம் விட்டு வடித்து, மறுபடி நிரப்பி, உள்ளே நின்ற நீரும் கிணற்று நீரும் ஒரே அளவு காட்டும்வரை இதைத் தொடர வேண்டும்.

தொட்டியைப் பாதி உயரம் மண்ணில் புதைப்பதை நான் வலியுறுத்துவேன். சுற்றியுள்ள மண் நீரைக் குளுமையாக வைத்திருக்கும்; பாத்தியைத் தாழ்வாகவே கட்டலாம் என்பதால் பம்பின் சுமையும் குறையும். விளிம்பு தரையிலிருந்து ஓர் அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். இல்லையெனில் ஐப்பசி அடைமழையில் மாட்டுத் தொழுவத்து நீரெல்லாம் உள்ளே வந்து சேரும். பிளாஸ்டிக் தொட்டியைப் புதைத்தால், மழைக்காலத்தில் காலியாக விடாதீர்கள். ஊறிய மண் அதை மேலே தூக்கிவிடும்.

பாத்திகள் இரண்டு, ஒவ்வொன்றும் 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 30 செ.மீ. ஆழம். ஹாலோ பிளாக் அடுக்கி, உள்ளே தடித்த எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் விரிப்பு போட்டால் போதும். ஜல்லி மட்டுமே ஒரு பாத்திக்கு 900 கிலோவுக்குக் குறையாது. அதனுடன் நீரும் சேரும் என்பதால் அடித்தளம் கெட்டியாக இருக்க வேண்டும். கட்டடத்துக்குப் பயன்படும் அரை ஜல்லியும் முக்கால் ஜல்லியும் கலந்து நிரப்பலாம். கருங்கல் ஜல்லி நீருடன் வினை புரியாது; சுண்ணாம்பு கொண்ட சுக்கான் கல் கலந்திருந்தால் பி.எச். இறங்கவே இறங்காது. குவியலின் பல இடங்களிலிருந்து கைப்பிடி எடுத்துக் கிண்ணத்தில் போட்டு வினிகர் ஊற்றிப் பாருங்கள். கல்லின் மேல் பொடிக் குமிழிகள் சீறிக்கொண்டு கிளம்பினால் அந்த லோடை இறக்க வேண்டாம். நல்ல ஜல்லியையும் நீர் தெளியும்வரை அலசிய பிறகே நிரப்ப வேண்டும்.

நீர் பாத்தியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தால்தான் வேருக்குக் காற்று கிடைக்கும். இதற்கு மணி சைபன் என்னும் எளிய அமைப்பு இருக்கிறது. பாத்தியின் அடியில் துளையிட்டு 1 அங்குல பி.வி.சி. குழாயை 25 செ.மீ. உயரத்துக்கு நிறுத்துங்கள், இதுவே வடிகுழாய். அதன் மேல், தலையை மூடி, அடிவிளிம்பில் பற்கள் வெட்டிய 3 அங்குலக் குழாயைக் கவிழ்த்து வையுங்கள். ஜல்லி உள்ளே வராதபடி, துளைகள் போட்ட 4 அங்குலக் குழாய் இரண்டையும் சூழ்ந்து நிற்கட்டும். நீர் வடிகுழாயின் வாயைத் தாண்டியதும் உறிஞ்சல் தொடங்கி, பாத்தி முழுவதும் வடியும். அடிப் பற்கள் வழியே காற்று நுழைந்ததும் உறிஞ்சல் அறுந்து, மீண்டும் நிரம்பத் தொடங்கும். வரும் நீர் மிகக் குறைவாக இருந்தால் வடிகுழாயின் வாயில் மெல்லிதாக வழிந்துகொண்டே இருக்கும், சைபன் பிடிக்காது. மிக அதிகமாக இருந்தால் பிடித்த சைபன் அறுபடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பாத்திக்கும் தனி வால்வு வைத்து இரண்டுக்கும் இடைப்பட்ட ஓட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மணிக்கு 500 லிட்டர் வந்தால் 25 நிமிடம் போல் நிரம்பி, சில நிமிடங்களில் வடியும். ஜல்லியின் மேல்பரப்பு 5 செ.மீ. எப்போதும் உலர்ந்தே இருப்பதால் பாசி பிடிக்காது, கொசுவும் முட்டையிடாது.

ஒரு பாத்தி நிரம்ப ஏறத்தாழ 200 லிட்டர் பிடிக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் நிரம்பினால் தொட்டி நீர் பாதியை நெருங்கிக் குறையும் என்பதால், அவை வெவ்வேறு நேரத்தில் நிரம்பும்படி வால்வுகளைத் திருப்பி வையுங்கள். பம்பைத் தொட்டியின் அடித்தளத்தில் வைக்காமல் அதிலிருந்து ஓர் அடி உயரத்தில் பொருத்துங்கள். எங்காவது குழாய் கழன்று நீரெல்லாம் வெளியேறினாலும், பம்பு உறிஞ்ச முடியாத அந்த ஓர் அடி நீரில் மீன்கள் பிழைத்திருக்கும்.

தொட்டிக்கு மேல் மூடிய நிழலும், பாத்திக்கு 50 சதவீத நிழல்வலையும் தேவை. மூடாத தொட்டியை மீன்கொத்தி இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடும்.

மீனுக்கு முன் பாக்டீரியா

எல்லாம் கட்டி முடிந்து நீர் ஓடத் தொடங்கியதும் உடனே மீன் விட வேண்டும் என்று தோன்றும். அதுதான் செய்யக் கூடாதது. ஜல்லியில் பாக்டீரியா குடியேற, நம் வெப்பநிலையில் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இந்தக் காலத்தில் மீன் இல்லாமலே அம்மோனியா கொடுத்து வர வேண்டும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர்கள் பயன்படுத்தும் நவச்சாரம்தான் அம்மோனியம் குளோரைடு. ஆனால் பூச்சு வேலைக்கான சரக்கை விட்டு, ஆய்வகப் பொருள் கடையில் தூய்மையானதை வாங்குங்கள். 1,000 லிட்டருக்கு 7 அல்லது 8 கிராம் கரைத்தால் அம்மோனியா அளவு லிட்டருக்கு 2 மி.கி. வரும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வேறோர் அமைப்பிலிருந்து ஒரு கூடை ஈர ஜல்லி கிடைத்தால் இட்டுவையுங்கள். காத்திருக்கும் காலம் கணிசமாகக் குறையும்.

மீன் தொட்டிக் கடைகளில் விற்கும் சொட்டு மருந்துப் பரிசோதனைப் பெட்டியால் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். நான்கையும் ஒருநாள் விட்டு ஒருநாள் குறித்து வாருங்கள். முதலில் அம்மோனியா நின்று, பிறகு இறங்கும். அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும். பல நாள் உச்சியில் நின்று அதுவும் இறங்கும். அவசரப்பட்டு மீன் விட்டவர்கள் இழப்பது இந்த நைட்ரைட் உச்சத்தில்தான். நைட்ரைட் இரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுத்துவிடுவதால், நீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுத் திணறும். செவுள் சிவப்பு மாறிப் பழுப்பாகும். காலையில் 2 மி.கி. அளவுக்கு அம்மோனியா கொடுத்து, மறுநாள் காலையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகி, நைட்ரேட் மட்டும் கூடியிருந்தால், உங்கள் பாத்தி மீனுக்குத் தயார். செடியை இதற்கு முன்பே நடலாம்.

மீன் தேர்வு

சிறு தொட்டியின் நெருக்கத்தைத் தாங்கி, மிதவைத் தீனியில் விரைவாக வளர்வது கிஃப்ட் திலேப்பியா என்னும் மரபு மேம்படுத்திய வளர்ப்பு வகை. ஏரி குளங்களில் பிடிபடும் ஜிலேபி மீன் 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட வேறோர் இனம். வேகமாகக் குஞ்சு பொரித்துப் பெருகுமே தவிர, எடை ஏறாது. குளத்து ஒட்டுண்ணிகளையும் உடன் கொண்டுவரும். கிஃப்ட் வகையை வளர்க்க மாநில மீன்வளத் துறையின் அனுமதி தேவை. மாவட்ட மீன்வள உதவி இயக்குநர் அலுவலகத்தில் விண்ணப்பித்து, அனுமதி பெற்ற பொரிப்பகத்திலிருந்தே ஆண் குஞ்சுகளை வாங்க வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூரில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழக மையத்தில் இதுபற்றி விசாரிக்கலாம்.

கட்லாவும் ரோகுவும் குளத்துக்கான மீன்கள். 1,000 லிட்டரில் அவை தேங்கிவிடும். சாதாக் கெண்டை ஓரளவு வளரும். விராலுக்கு நல்ல விலை உண்டு, காற்றையும் சுவாசிக்கும் என்பதால் மின்வெட்டைத் தாங்கும். ஆனால் ஒன்றையொன்று தின்பதால் அளவு பிரித்து வளர்க்க வேண்டும், தொடக்கக்காரருக்கு ஏற்றதன்று. ஆப்பிரிக்கக் கெளுத்தி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது; அதன் வளர்ப்பு நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது.

குஞ்சுகள் 40 போதும். ஆக்சிஜன் பையைப் பிரிக்காமல் கால் மணி நேரம் தொட்டி நீரில் மிதக்கவிட்டு, பிறகு வாயைத் திறந்து, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்து, மீன்கள் தாமே வெளியேறும்படி சாய்த்து விடுங்கள். பையிலுள்ள நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

தீனிதான் இந்த அமைப்பின் உரம். கீரைப் பாத்திக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீனி என்பது சிறு அமைப்புகளுக்கு ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு சொல்லும் கணக்கு. காய்க்கும் செடிகளுக்கு 50 முதல் 80 கிராம். நம் 4 சதுர மீட்டருக்கு, மீன் பெரிதான பிறகு, 200 கிராம் அளவில் நிற்கும். குஞ்சுப் பருவத்தில் அவ்வளவு தின்னாது என்பதால், முதல் இரண்டு மாதம் ஒரு பாத்தியில் மட்டும் கீரை போடுங்கள். பத்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே ஒரு வேளைத் தீனி. மிச்சம் மிதந்தால் அள்ளி எடுத்துவிட வேண்டும்.

செடியும் பூச்சியும்

அரைக்கீரை, சிறுகீரை, கொடிப்பசலை, பொன்னாங்கண்ணி, புதினா ஆகியவை முதல் ஆண்டுக்குச் சிறந்தவை. நைட்ரேட் மிகுந்த நீரில் இவை செழிக்கும். தக்காளி, மிளகாய், கத்திரிக்குப் பொட்டாசியம் கூடுதலாக வேண்டும். மீன் தீனியில் அது குறைவு. பி.எச். 6.5-க்குக் கீழே இறங்கும் மென்னீர்க்காரர்கள் பொட்டாசியம் பைகார்பனேட் இடலாம். கடின நீர்க்காரர்கள் பொட்டாசியம் சல்பேட்டை இட வேண்டும். அடுப்புச் சாம்பலிலும் பொட்டாசியம் உண்டு என்றாலும், அது பி.எச்.-ஐ ஏற்றும் என்பதால் கடின நீரில் சேர்க்கக் கூடாது.

இளந்தளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புக் குறை. இரும்பு ஆணியோ துருவோ போடுவதால் பயனில்லை. செலேட் செய்த, அதாவது நீரில் கரைந்தே நிற்கும்படி கரிமச் சேர்மத்துடன் பிணைத்த, இரும்பே வேண்டும், பி.எச். 7.5-க்கு மேல் நிற்கும் நீருக்கு இ.டி.டி.எச்.ஏ. வகை மட்டுமே நிலைக்கும். 6 சதவீத இரும்புள்ள பொடியானால் 1,000 லிட்டருக்கு 33 கிராம், மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை. நீர் சிவந்து தெரியும். மீனுக்குக் கெடுதல் இல்லை.

இயற்கை விவசாயம் செய்பவர்கள் இங்கே மிகக் கவனமாக இருக்க வேண்டும். மண்ணில் நாம் நம்பிப் பயன்படுத்தும் வேப்பெண்ணெயும் புகையிலைக் கரைசலும் மீனுக்கு நஞ்சு. பஞ்சகவ்யத்தையும் இதில் ஊற்றக் கூடாது. அதன் கரிமச் சுமையைச் சிதைக்கவே நீரின் ஆக்சிஜன் செலவாகிவிடும், சாணத்திலுள்ள கிருமிகள் நாம் பச்சையாக உண்ணும் கீரைக்கும் வந்துசேரும். அசுவினியை நீர் பீய்ச்சி உதிர்க்கலாம். வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டலாம். புழுவைக் கையால் பொறுக்குவது போதாதபோது பி.டி. பாக்டீரியாத் தூளை மாலையில் தெளிக்கலாம். ஜல்லியில் கைப்பிடி மண்புழு விட்டால் அது மீன் கழிவைச் செரித்துப் பாத்தி அடைபடாமல் காக்கும்.

அன்றாடப் பார்வை

விடியும் முன் ஒருமுறை தொட்டியைப் பாருங்கள். இரவெல்லாம் ஆக்சிஜன் செலவாகி, அந்த நேரத்தில்தான் மிகக் குறைவாக இருக்கும். மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தால், அன்று தீனியை நிறுத்தி, காற்றைக் கூட்டி, பம்பின் வாயில் பாசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். தீனிக்கு மீன் வராத நாளில் முதலில் அம்மோனியாவைச் சோதியுங்கள். வாரம் ஒருமுறை பி.எச்., மாதம் ஒருமுறை நைட்ரேட் என்று சோதித்தால் போதும். நைட்ரேட் தொடர்ந்து ஏறினால் செடி குறைவு என்று பொருள். பூஜ்யத்தை ஒட்டி நின்றால் மீன் குறைவு.

ஆறேழு மாதத்தில் மீன் அரைக் கிலோவை நெருங்கும். பிடிப்பதற்கு முந்தின நாள் தீனி போட வேண்டாம். குடல் சுத்தமாக இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடித்துவிட்டால் செடிக்கு உணவு நின்றுபோவதுடன் ஜல்லியிலுள்ள பாக்டீரியாவும் பட்டினியில் குறைந்துவிடும் என்பதால், வாரத்துக்கு நான்கைந்தாகப் பெரியவற்றை எடுத்துவாருங்கள். பாதி காலியானதும் புதுக் குஞ்சுகளை வலைக்கூண்டில் தொட்டியிலேயே விட்டு, பெரிய மீனின் வாயில் அடங்காத அளவு வளர்ந்தபின் திறந்துவிடுங்கள்.